உள்விளையாட்டரங்கம் யாருக்காக?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உடலைச் சுவராகவும் வாழ்வைச் சித்திரமாகவும் கொண்டு அதற்குப் பொருள் உரைப்பர். நாம் ஈண்டு அதனை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கின்றோம். நான்கு சுவரும் ஒரு கூரையும் இல்லாமையால் எழுதப்படாமற்போன சித்திரங்கள் நம் அவனியாபுரத்தில் எத்தனை என்பதே நம் வினா.

தைத் திங்கள் முதல் நாளில் நாடே அவனியாபுரத்தை நோக்குகின்றது. முல்லைக்கலி பாடிய ஏறு தழுவுதல் இன்றும் இவ்வூரில் நிகழ்வது நமக்குப் பெருமையே. ஆயினும் அஃது ஆண்டில் ஒரு நாள்; களத்தில் இறங்குவோர் காளையர் மட்டுமே. எஞ்சிய நாள்களில் இவ்வூர்ச் சிறுவரும் சிறுமியரும் எங்கே விளையாடுவர்?

திறந்த வெளி போதாதா என்று சிலர் கேட்கலாம். எல்லா விளையாட்டுக்கும் போதாது. இறகுப்பந்தின் எடை 5 கிராம் அளவினதே. ஆடிக்காற்று அதனை ஆட்டக்காரரின் கையைவிட விரைவாகத் திருப்பிவிடும். நம் பெரியோர் கம்பளி நூற்பந்தைக் கொண்டு பூப்பந்தாட்டம் ஆடியபொழுது திறந்த வெளி போதியதாயிருந்தது. இறகுப்பந்துக்கு அது போதாது. கபடியும் மண்ணை விட்டு விரிப்புக்கு வந்துவிட்டது. மண்ணில் மட்டுமே பழகிய கால் விரிப்பில் தடுமாறும். எனவே கூரை ஆடம்பரமன்று. ஆட்டத்தின் ஓர் உறுப்பு.

தலைநகரில் 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி நேரு உள்விளையாட்டரங்கம் எழுந்தது. ஏறத்தாழ 8,000 பேர் அமர்ந்து காணத்தக்க அவ்வரங்கிலேதான் 2022இல் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழா நடந்தது. நம் மதுரையும் பின்தங்கிவிடவில்லை. 2024 சனவரியில் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் ஏறு தழுவுதல் அரங்கம் திறக்கப்பெற்றது. 2025இன் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தேறின. இவற்றையெல்லாம் மனமாரப் பாராட்டுகின்றோம். எனினும் இவை பெரும்பாலும் காண்போரைக் கருதி எழுந்தவை. நாம் வேண்டுவது ஆடுவோரைக் கருதி எழும் ஒரு சிறு கூடம். மாநகரின் தென்கோடியில் வாழும் சிறுமி, பள்ளி விட்டபின் வைகையைக் கடந்து ரேஸ்கோர்ஸ் மைதானம் சென்று பயின்று, இருட்டுவதற்குள் வீடு திரும்புதல் எளிதன்று.

அக்கூடம் எவ்வாறு அமைதல் வேண்டும்? 27 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் இருப்பின், 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் உடைய இறகுப்பந்துக் களங்கள் மூன்று அடுத்தடுத்து அமையும். அதே தரையில் கைப்பந்துக் களமும் கபடி விரிப்பும் அடங்கும். கூரை 9 மீட்டராவது உயர்ந்திருத்தல் நன்று. நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கினால் காலை மாலை வெயில் குறையும். ஆட்டக்காரர் எதிர்நோக்கும் அச்சுவர்களில் கண்மட்டத்தில் சாளரம் கூடாது. வெள்ளைப் பந்து தெளிவாகத் தெரியுமாறு கரும்பச்சையோ கருநீலமோ பூசுதல் வேண்டும். வெப்பக்காற்று வெளியேறும் திறப்புகள் கூரையை ஒட்டியே இருக்கட்டும். விளக்குகள் களத்தின் நேர்மேலே தொங்காது பக்கங்களில் அமைந்தால், மேல்நோக்கும் கண் கூசாது. இவை பெருஞ்செலவினால் வருவனவல்ல; முன்னரே எண்ணிப் பார்ப்பதனால் வருவன.

அளவுகளினும் முதன்மையான ஒன்று உண்டு. தாழிடத்தக்க உடைமாற்றும் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, வெளிச்சமுள்ள வாயில்வழி, மகளிர்க்கெனக் குறித்த நேரம் ஆகிய நான்கும் இல்லாத அரங்கம் பாதி மக்களுக்குப் பூட்டப்பட்ட அரங்கமே. நன்கு விளையாடிய பெண்பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆட்டத்தை நிறுத்துவதைக் கண்டிருக்கின்றோம். அவர்தம் திறமை குறைந்ததா? இல்லை, தாழ்ப்பாள் இல்லாத கதவே அவர்களைத் தடுத்தது. தலைமறைப்பு அணிந்து ஆடுவதற்கிருந்த தடையை உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே 2017இல் நீக்கிவிட்டது. உலகம் திறந்த கதவை நம் ஊர்க் கட்டடம் அடைக்கலாமா?

2022இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற ஜெர்லின் அனிகா நம் மதுரை மாநகராட்சிப் பள்ளியில் பயின்றவர். அத்தகையோருக்கு ஒலிக்கும் மணியோடு ஒளிரும் விளக்கும் வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோர்க்கு ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும். பின்னர் ஒட்டவைக்கும் சலுகைகளாக இவற்றைக் கருதாது, முதல் வரைபடத்திலேயே இடம்பெறச் செய்தல் வேண்டும்.

"குடிநீரும் வடிகாலும் சாலையும் முழுமை பெறாதிருக்க விளையாட்டுக் கூடம் எதற்கு?" என்று பெரியோர் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. 2011இல் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூருக்குத் தேவைகள் பல. ஆயின் நாம் எண்ணாயிரம் இருக்கைகளைக் கேட்கவில்லை. ஓர் இருக்கையும் இல்லாவிடினும் குறையில்லை. பள்ளி, கல்லூரி வளாகம் ஒன்றில் அக்கூடம் எழுந்து, பகலில் மாணவர்க்கும் காலை மாலைகளில் ஊரார்க்கும் திறந்திருப்பின், நிலச்செலவும் காவற்செலவும் குறையும். நம் கல்லூரி போன்ற நிறுவனங்களும் இதில் தம் பங்கை எண்ணிப் பார்த்தல் கடனாகும். வாடகை வருமென்று அக்கூடத்தைத் திருமண மண்டபமாக்கிவிடாமல் காப்பதும் நம் கடனே. நாற்காலிகள் இழுபட்ட தரையில் கால் நிலைகொள்ளாது.

ஓர் அரங்கின் பெருமையைத் திறப்பு விழாக் கூட்டத்தைக் கொண்டு அளத்தல் தகாது. விழா முடிந்து ஓராண்டு கழிந்தபின், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில், நம் ஊர்ச் சிறுமி ஒருத்தி அச்சமின்றி உள்ளே சென்று, ஆடிக் களித்து, இருட்டுமுன் வீடு திரும்புகின்றாளா என்று பாருங்கள். அவள் திரும்பும் நாளே அவ்வரங்கம் திறக்கப்பட்ட நாள் என்போம்.