ராத்திரிக்கு என்ன?

திருக்கடையூரில் விருந்துக்குக் குறைவில்லை. அமிர்தகடேசுவரர் கோயிலில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள ஆண்டு முழுதும் குடும்பங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களில் காலையிலிருந்தே இலை போடுகிறார்கள். அந்த இலையில் என்னென்ன வரும் என்பது முன்பணம் கொடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அங்கே காய் நறுக்குகிறவர்கள், பாத்திரம் துலக்குகிறவர்கள், வாசலில் பூக்கட்டி விற்கிறவர்கள் எல்லாம் இந்த ஊரையும் பக்கத்துக் கிராமங்களையும் சேர்ந்தவர்கள். பொழுது சாய்ந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்களிடம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரிக்கு என்ன?"

இந்தக் கேள்வியைச் சமையல் குறிப்பு இல்லாத குறையாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். தொலைபேசியைத் திறந்தால் ஆயிரம் குறிப்பு கொட்டுகிறது. ஆனால் காவிரி டெல்டாவில் அடுப்பு பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் நாற்பது ஐம்பது பண்டம் கைவசம் உண்டு. அவளுக்குக் குறிப்பு வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு, கையில் இருக்கும் காசையும் டப்பாவில் இருக்கும் சாமானையும் உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பையும் கணக்குப் போட்டு, யார் துணையும் இல்லாமல் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பாரம் அங்கேதான் இருக்கிறது. அந்த முடிவை ஆறரை மணிக்கு எடுப்பதுதான் தவறு என்பது என் கருத்து. பயறு ஊறியிருக்கிறதா, மாவு இருக்கிறதா என்பதெல்லாம் காலையிலேயே தீர்ந்துபோன விஷயங்கள்.

முன்பு இது எப்படி இருந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். வயல்கூலி வீடுகளில் பெரும்பாலும் உலை கொதித்தது ஒருவேளைதான், அதுவும் சாயங்காலத்தில். கூலியாக வந்த நெல்லைக் குத்தி அரிசியாக்கிப் பொங்கினால் ராத்திரிக்குச் சுடுசோறு. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிந்ததும் பழையது. தொட்டுக்கொள்ள வாய்க்காலில் பிடித்த கெண்டையோ கெளுத்தியோ, வரப்பில் பறித்த கீரையோ. அந்த ஒழுங்கை வகுத்தது வறுமை. அதைப் பொற்காலம் என்று கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சமையல்தான் நாளின் ஒரே சமையல். இன்று பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் மதியச் சாப்பாட்டுக்கும் விடியற்காலையிலேயே ஒரு சமையல் நடந்துவிடுகிறது. ராத்திரியில் செய்வது களைத்த உடம்போடு செய்யும் இரண்டாம் சமையல். இட்லி, தோசை, உப்புமா என்று ராத்திரிச் சாப்பாடு டிபனாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே சிக்கலைப் பெரிய அளவில் தீர்த்துக்காட்டிய ஒரு முறை நம் டெல்டாவிலேயே கண்முன் நடக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது. அதை மாநிலம் முழுவதும் 31,008 பள்ளிகளுக்கு விரிவாக்கும் விழா 2023 ஆகஸ்டு 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில் நடந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மகளிர் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அவர்கள் தினமும் காலையில் "இன்றைக்கு என்ன?" என்று யோசிப்பதில்லை. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வகை உண்டு. திட்டத்தின் தொடக்கப் பட்டியல் திங்கள் உப்புமா வகை, செவ்வாய் கிச்சடி வகை, புதன் பொங்கல் வகை என்று போனது. உப்புமா என்றால் ரவையா, சேமியாவா, கோதுமை ரவையா என்பதை அங்கே இருக்கும் சரக்கு தீர்மானிக்கிறது. சாம்பாரில் போடுவது அந்தந்த ஊரில் கிடைக்கும் காய். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவும் உண்டு.

இந்த அமைப்பின் சூட்சுமத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். வகை முன்கூட்டியே முடிவானது. பண்டம் அன்றைய கையிருப்பைப் பொறுத்தது. வகை தெரிந்துவிட்டால் காலையில் எதை ஊறப்போடுவது என்று தெரியும். பண்டத்தைத் திறந்து விட்டிருப்பதால் விலை ஏறிய காயை விட்டுவிட்டு மலிந்த காயை எடுக்கலாம். ஏழு நாளைக்கு ஏழு பண்டத்தை எழுதி ஒட்டிவைத்த வீடுகளில் அந்தத் தாள் இரண்டாம் வாரமே கிழிவது ஏன் என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. கத்தரிக்காய் விலை ஏறும் நாளில் கத்தரிக்காய் என்று எழுதியிருந்தால் தாள் என்ன செய்யும்?

வீட்டுக்கு இதைக் கொண்டுவருவது கடினமில்லை. வாரத்தில் இரண்டு ராத்திரி மாவு, இரண்டு ராத்திரி பயறு, ஒரு ராத்திரி உப்புமா அல்லது கஞ்சி, ஒரு ராத்திரி முட்டை அல்லது மீன், ஒரு ராத்திரி மிச்சம் மீதி. எந்தக் கிழமைக்கு எது என்பது அந்தந்த வீட்டு விரத நாளையும் வேலை நாளையும் பொறுத்தது.

மாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாலு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. முதல்நாள் இட்லி, அடுத்தநாள் தோசை, புளித்த கடைசிக் கரண்டிகள் ஊத்தப்பம். ரேஷன் அரிசியை இட்லிக்குப் போடும் வீடுகளில் செலவு உளுந்துக்கு மட்டும்தான். கால் கிலோ உளுந்தும் ஒரு கிலோ அரிசியும் சேர்ந்து தரும் மாவு, கடையில் பாக்கெட்டாக வாங்கினால் நூறு ரூபாய்க்குக் குறையாது. ஆனால் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் என்று நிறுத்திக்கொள்ளாமல், பாசிப்பருப்பு போட்ட கத்தரிக்காய் கொத்சு வைத்தால் அது முழுச் சாப்பாடு. புளிக்கவைக்க நேரமில்லாத நாளுக்கு அடை இருக்கிறது. அரிசியோடு துவரை, கடலை, உளுந்து எல்லாம் காலையில் ஊறினால் சாயங்காலம் அரைத்த கையோடு வார்க்கலாம்.

பயறுதான் இந்த மண்ணுக்கே உரிய விடை. தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுகிறார்கள். அறுத்த பிறகு வயலில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் கைக்கு வருகிறது. தெரிந்த விவசாயியிடம் அப்போது ஐந்தாறு கிலோ வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடிவைத்தால் மழைக்காலம் வரை கவலையில்லை. காலையில் ஊறப்போட்ட 200 கிராம் பயறு ராத்திரி குக்கரில் சில விசிலில் வெந்துவிடும், கேஸும் மிச்சம். வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் சேர்த்துக் கடைந்தால் சோற்றுக்கும் ஆகும், சப்பாத்திக்கும் ஆகும். நொய்யோடு சேர்த்துக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பால் விட்டால் கஞ்சி. நாலு பேருக்கு ஆளுக்கு 50 கிராம் பயறு. அதில் ஏறக்குறைய 12 கிராம் புரதம், அதாவது இரண்டு முட்டைக்கு இணை. அரிசியின் புரதத்தில் குறையும் லைசின் பயறில் நிறைய இருக்கிறது, பயறில் குறைவதை அரிசி கொடுக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் வரும்போது உடம்புக்கு முழுப் பயன்.

செலவுக் கணக்கு இது: அரிசி ரேஷனில் வந்தது. பயறு இருபத்தைந்து, முப்பது ரூபாய்க்குள். ஒரு கட்டு முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ பத்துப் பதினைந்து. வெங்காயம், தக்காளி, எண்ணெய் எல்லாம் சேர்த்து எழுபது ரூபாயை எட்டினால் அதிகம். நாலு பேருக்குப் பரோட்டா பார்சல் வாங்கினால் இருநூறைத் தாண்டும். பார்சலே கூடாது என்று சொல்லவில்லை. உடம்பு முடியாத நாளில் அது பெரிய உதவிதான். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் பார்சல் வாங்கும் வீடு அதைச் சிக்கனமென்று நினைத்துக்கொண்டிருந்தால், ஒருமுறை உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும்.

உப்புமா நாளுக்கு அரிசி உப்புமாவைச் சொல்வேன். அரிசி, துவரம்பருப்பு, மிளகு மூன்றையும் சேர்த்து ரவையாக உடைத்து டப்பாவில் வைத்துக்கொண்டால் ஒரு மாதம் கைகொடுக்கும். தாளித்துத் தண்ணீர் கொதித்ததும் போட்டு மூடினால் இருபது நிமிட வேலை. மீன் நாளுக்குத் தரங்கம்பாடி பக்கம். மத்தியும் நெத்திலியும் விலை குறைவு, சத்தில் குறைவில்லை. காலையில் குழம்பு வைத்துவிட்டால் ராத்திரிக்கு ருசி கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளில் மீன் விலை ஏறும்போது முட்டைக்கும் கருவாட்டுக்கும் மாறிக்கொள்ளலாம். அது பயறு அறுவடை முடிந்த காலமும்கூட. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் விலை ஏறுகிறபோது வற்றல் குழம்பும் பருப்புத் துவையலும். தையில் பரங்கி, மொச்சை, சர்க்கரைவள்ளி மலிந்து கிடக்கும். வாழைத்தண்டுக்கும் வாழைப்பூவுக்கும் இந்தப் பக்கத்தில் மாதக் கணக்கே கிடையாது.

மிச்சம் மீதி நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மதியச் சோற்றைச் சாயங்காலம் புளிச்சோறாகவோ எலுமிச்சைச் சோறாகவோ மாற்றுவது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் கடலோரப் புழுக்கத்தில் சோறு மணிக்கணக்காக மூடிக் கிடந்தால் அதில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்துப் பசியாறியதும் மிச்சத்தை ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். சர்க்கரை நோய் வந்த வீடுகளில் ராத்திரிக்குச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று நம்புகிறார்கள். கோதுமையும் மாவுச்சத்துதான். ஐந்து சப்பாத்தியும் கொஞ்சம் குருமாவும் சாப்பிட்டால், அளவாகச் சோறும் நிறையப் பயறும் கீரையும் சாப்பிடுவதைவிடச் சர்க்கரை கூடத்தான் செய்யும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளின் மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சோறு, ரசம், அப்பளம் என்று முடியும் நம் ராத்திரிகள் அந்த வரம்பை வெகுவாகத் தாண்டுகின்றன. தட்டில் சோறு குறைந்து பருப்பும் காயும் கூடினால் தானியம் எதுவாக இருந்தாலும் நன்மைதான்.

இத்தனையும் ஒருத்தியின் தலையிலேயே விழுந்தால் முறை எதுவும் நிற்காது. 2024-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். வகையைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவுசெய்தால், பயறை ஊறப்போடும் வேலையைக் காலையில் கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் செய்யலாம். கீரை ஆய்வதைப் பிள்ளைகள் செய்யலாம். "என்ன?" என்று கேட்பவருக்கும் பதிலில் பங்கு இருக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். டெல்டாவின் ராத்திரிச் சாப்பாடு பட்டினியின்றி நடப்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. முன்பு உளுத்தம்பருப்பும் இந்தப் பட்டியலில் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. வீட்டில் அரிசி போதுமான அளவு இருக்கிறது, பருப்புதான் போதவில்லை. துவரையைப் பெரும்பாலும் வெளிமாநிலங்களிலிருந்து வாங்குகிறோம். உளுந்தும் பச்சைப்பயறும் ஒவ்வொரு சித்திரையிலும் இந்த வயல்களிலேயே விளைகின்றன, விலை கிடைக்காமல் விவசாயி தவிக்கும் ஆண்டுகளும் உண்டு. மயிலாடுதுறை, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் அந்தப் பயறை நல்ல விலைக்குக் கொள்முதல் செய்து, அட்டைக்கு மாதம் ஒரு கிலோவாவது இதே மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரசு கொடுக்க வேண்டும்.