மாசமா இருந்தா மாத்திரை பாதியா?

போன ஞாயித்துக்கிழமை ஜாதவ்பூர் 8பி பஸ் ஸ்டாண்ட்ல மண்குவளை டீயும் கையுமா நிக்கிறேன், தங்கமணிகிட்டேர்ந்து போன். "தைராய்டு ரிப்போர்ட் வந்திருச்சுங்க. டிஎஸ்எச் எகிறிக் கிடக்கு."

விசாரிச்சா, நாலு வாரமா அம்மணி பாதி மாத்திரைதான் போட்டிருக்காங்க. ஊர்லேர்ந்து மாமியாரோட போன் வைத்தியம்: "மாசமா இருக்கறவளுக்கு எதுக்குடி இத்தனை மாத்திரை? பாதியா உடைச்சுப் போடு." எதிர்வீட்டு பௌதியும் அதையேதான் சொன்னாங்களாம். தமிழும் வங்காளமும் ஒத்துப்போற விஷயம் இது ஒண்ணுதான் போல!

மக்களே, "பாதி போட்டா பாதி ஆபத்து"ங்கறது தப்புக்கணக்கு. கர்ப்பத்துல ரத்தத்தோட அளவே 40-50 சதவீதம் கூடுது. சிறுநீரகம் ஏறக்குறைய 50 சதவீதம் அதிகமா வடிகட்டுது. சில மருந்துகளை ஈரல் சீக்கிரமே உடைச்சுத் தள்ளிடுது. வலிப்புக்குத் தர்ற லாமோட்ரிஜின், அதே அளவு சாப்பிட்டாலும் சிலருக்கு ரத்தத்துல பாதிக்கும் கீழ இறங்கிடும். தைராக்சின் தேவை 25-50 சதவீதம் ஏறும். முதல் மூணு மாசம் குழந்தைக்கும் அது அம்மாகிட்டேர்ந்துதான் போகணும். ஏத்த வேண்டிய நேரத்துல நாங்க இறக்கியிருக்கோம்!

கஃபீன் கதை தலைகீழ். கடைசி மாசங்கள்ல அது உடம்பை விட்டுப் போக ரெண்டு மூணு மடங்கு நேரமாகும். ஆனா ஃபில்டர் காபியை யாராவது பாதியாக்கச் சொன்னாங்களா? ஹூம்!

உடனே தாலிடோமைடைக் காட்டுவீங்க. 1957-லேர்ந்து 1961 வரைக்கும் ஜெர்மனியில வித்த அந்த மருந்தை, கர்ப்பத்துக்குப் பாதுகாப்பானு ஒழுங்கா சோதிக்கவே இல்ல. அதுதான் கொடுமை. "ஒழுங்கா சோதி"ன்னு பாடம் படிக்காம, "சேர்க்கவே சேர்க்காதே"ன்னு படிச்சாங்க. 1977-ல அமெரிக்க எஃப்டிஏ, பிள்ளை பெறக்கூடிய வயசுப் பெண்களையே ஆரம்பகட்டச் சோதனைகள்லேர்ந்து ஒதுக்கிச்சு. 1993-லதான் அதை மாத்துனாங்க. நம்ம நாட்டுல கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16-ல ஆரம்பம். கர்ப்பிணிகளுக்கு அனுமதி ஜூலை 2-ல. நடுவுல ரெண்டாவது அலையே அடிச்சு ஓய்ஞ்சாச்சு. ஒதுக்குறதுக்குப் பேர் பாதுகாப்பா?

கர்ப்பத்துல ஆகவே ஆகாத மருந்துகளும் உண்டு, வால்ப்ரோயேட் மாதிரி. அதனாலதான் சொல்றேன், முடிவு டாக்டரோடது. போன்ல வர்ற அன்போடது இல்ல. மூணே கேள்வி கேளுங்க: இதைத் தொடரலாமா? அளவு மாறணுமா? பிரசவத்துக்கு அப்புறம் எப்போ குறைக்கணும்?

மாமியார்கிட்ட நானே பேசிட்டேன். "எனக்கு என்ன மாப்ள தெரியும், பயத்துல சொன்னேன்"னாங்க. பயம் எனக்கும்தான் இருக்கு. அடுத்த ரத்தப் பரிசோதனை நாலு வாரம் கழிச்சு.

டிஸ்கி: தைராய்டு மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. இதுவும் எங்களுக்கு இப்பதான் தெரியும்.