சர்க்காருக்குத் திறந்த கதவு, கூண்டில் நிற்பவனுக்குத் தாழிட்ட கதவு!

சட்டத்தின் முன் எல்லோரும் சமமாம்! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யத்தில் இந்தச் சமத்துவத்தின் லட்சணத்தைப் பாருங்கள், தோழர்களே.

ஆலை வாசலில் ஒரு கைகலப்பு என்று வைத்துக் கொள்வோம். ஒரு தொழிலாளி மீது வழக்கு. பக்கத்தில் நின்றவரிடம் போலீசார் வாக்குமூலம் வாங்குகிறார்கள். கோர்ட்டில் அவரோ, "அடித்தது யாரென்று நான் பார்க்கவில்லை" என்கிறார். தான் அழைத்த சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்யக் கூடாது, சாட்சி விரோதி என்று ஜட்ஜ் தீர்மானித்தால்தான் செய்யலாம் என்பது பழைய விதி. 1995-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 38-வது பிரிவு இதைத் தளர்த்தியது. சாட்சி சொன்னது பாதகமாக இருந்தாலே போதும். ஜட்ஜின் அனுமதியோடு அவரை மடக்கலாம். பழைய வாக்குமூலத்தையே உண்மைக்குச் சான்றாகக் கொள்ளவும் 60-வது பிரிவு இடம் தருகிறது.

இந்த ஆயுதத்தை நாம் எதிர்க்கவில்லை. இயந்திரத்தில் தொழிலாளி நசுங்கிச் செத்த வழக்கில் மேஸ்திரி முதலாளிக்குப் பயந்து பல்டியடித்தால், அவரையும் மடக்கத்தானே வேண்டும்? நம் ஆட்சேபம் வேறு.

விசாரணை தொடங்குமுன்பே இந்த விஷயங்களில் ஜட்ஜ் முடிவு சொல்லலாம். அந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டால்? அதனால் வழக்கு அழிகிறது, அல்லது வெகுவாகப் பலவீனப்படுகிறது என்றால், சர்க்கார் தரப்பு நேரே அப்பீல் போகலாம். 1912-ம் வருஷத்துக் கிரிமினல் அப்பீல் சட்டத்தின் 5-எஃப் பிரிவு தந்த உரிமை இது. யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அதே வாக்குமூலத்தை ஜட்ஜ் ஏற்றுக் கொண்டால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்த உரிமை உண்டா? கிடையாது! மற்ற இடைக்கால உத்தரவுகளுக்கு அப்பீல் போவதானாலும் அப்பீல் கோர்ட்டின் அனுமதி வேண்டும். இல்லையேல் விசாரணை ஜட்ஜின் சர்டிபிகேட் வேண்டும்.

"ஜூரி விடுதலை செய்துவிட்டால் சர்க்காருக்குப் பொதுவாக அப்பீல் இல்லை, தண்டனை பெற்றவன் பிறகு அப்பீல் போகலாமே" என்று வக்கீல்கள் சமாதானம் சொல்கிறார்கள். பிறகு என்றால் எப்போது? சிறைக்குப் போன பிறகு! வேலை போய், வீட்டில் அடுப்பணைந்த பிறகு! தவறான முடிவால் சர்க்கார் இழப்பது ஒரு வழக்கு. தொழிலாளி இழப்பது வருஷக் கணக்கான வாழ்வு.

நாம் சலுகை கேட்கவில்லை. வழக்கையே தீர்மானிக்கும் சாட்சிய முடிவு எதுவானாலும், விசாரணைக்கு முன் அப்பீல் போகும் உரிமை இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்க்காருக்கு அனுமதி வேண்டாமென்றால் கூண்டில் நிற்பவருக்கும் வேண்டாம். அவருக்கு வேண்டுமென்றால் சர்க்காரும் கேட்கட்டும்!