எல்லாம் கேஸ்ட்ரிக் அல்ல

பினாங்கின் பாயான் பாரு சந்தையில் பசியாறிவிட்டு எழும் யாரைக் கேட்டாலும் வயிற்றைப் பற்றி ஒரே தீர்ப்புதான். நெஞ்சு எரிகிறதா, கேஸ்ட்ரிக். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறதா, கேஸ்ட்ரிக். முந்தின இரவு தின்ற சோறு காலையில் வாந்தியில் அப்படியே வருகிறதா, அதுவும் கேஸ்ட்ரிக். "நேரத்துக்குச் சாப்பிடல, அதான்" என்று ஒரு கண்டிப்பு. கையில் அமிலத்தைக் குறைக்கும் ஒரு மருந்து. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊரில் இந்த விளக்கம் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. வயிற்றுக்கு ஒரு மாத்திரை உண்டு, விழுங்கினால் தீரும் என்ற இந்த நம்பிக்கை பொய். நம் நீரிழிவு நோயாளிகளுக்கு அது ஆபத்தும்கூட.

முந்தின இரவுச் சோறு காலையில் வருகிறதென்றால் அமிலத்தை விட்டுவிட்டு வயிற்றின் அசைவைப் பார்க்க வேண்டும். இரைப்பை நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை சுருங்கி, கெட்டியான உணவை ஓரிரு மில்லிமீட்டர் துகளாக அரைத்த பிறகே சிறுகுடலுக்குள் விடும். வேகஸ் நரம்பும் இரைப்பைச் சுவரில் உள்ள காஹால் உயிரணுக்களும் அந்த வேலையை நடத்துகின்றன. நெடுநாள் கட்டுக்கடங்காத சர்க்கரை இரண்டையும் கெடுக்கும். உணவு தேங்கும். கேஸ்ட்ரோபரேசிஸ் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரஸோல் அரைக்காத வயிற்றை அரைக்க வைக்காது.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. எல்லாருக்கும் வயிறு தேங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை பேருக்கு நீரிழிவு உள்ள சமூகத்தில் வயிறு தேங்குகிறதா என்ற கேள்வியே எழாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. சாப்பாட்டை நம்பி இன்சுலின் போட்டவருக்குச் சோறு வயிற்றிலேயே கிடந்தால் சர்க்கரை முதலில் சரிந்து மயக்கம் வரும், பிறகு நேரங்கெட்ட நேரத்தில் ஏறும். ஏறிய சர்க்கரை வயிற்றை மேலும் மந்தமாக்கும். வீட்டிலோ, "வாயைக் கட்டவில்லை" என்று அவர்மேலேயே பழி.

ஸ்கோப் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஸ்கோப் புண்ணையும் அடைப்பையும் காட்டும். தேக்கத்தை அளக்க வேறு பரிசோதனை வேண்டும்: சிறிது கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் படமெடுப்பார்கள். நான்காம் மணியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வயிற்றில் மிஞ்சினால் தாமதம் உறுதி.

சரி, நோய் தெரிந்துவிட்டது. வயிற்றைத் தள்ளும் மாத்திரை இருக்கிறதே? இருக்கிறது. அதன் கதையையும் கேளுங்கள். சிசப்ரைட் இதயத் துடிப்பைக் குலைத்ததால் 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மெட்டோகுளோப்ரமைடை 12 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009-இல் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. நாக்கும் தாடையும் தானாக அசையத் தொடங்கும்; சிலருக்கு மருந்தை நிறுத்தினாலும் அது நிற்காது. ஐரோப்பா 2013-இல் அதை ஐந்து நாளுக்குச் சுருக்கி, நாள்பட்ட தேக்கத்துக்கு வேண்டாம் என்றது. டோம்பெரிடோனையும் அடுத்த ஆண்டே குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு என்று கட்டுப்படுத்தியது, காரணம் இதயம்தான். ஆன்டிபயாட்டிக்கான எரித்ரோமைசின் வயிற்றைச் சுருங்க வைக்கும், ஆனால் சில வாரங்களில் வேகம் மங்கிவிடும். அதையும் டோம்பெரிடோனையும் சேர்த்து விழுங்குவது இதயத்துக்குக் கேடு.

மருந்தே கூடாது என்பது என் கட்சி அல்ல. வாந்தியால் வற்றிப்போனவருக்கு மருத்துவர் இ.சி.ஜி. பார்த்து, அளவு குறைத்து, கண்காணித்துக் கொடுப்பது வேறு. பக்கத்து வீட்டு அக்கா தந்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. மாத்திரையோடு சாப்பாடும் மாற வேண்டும். நீரிழிவா, நார்ச்சத்து நிறையச் சாப்பிடு என்ற அறிவுரை இங்கே திரும்பி அடிக்கும். பச்சைக் காய்கறி நார் தேங்கிய வயிற்றில் கட்டியாகத் திரளக்கூடும், எண்ணெய் மிதக்கும் நாசி கண்டார் குழம்பு இன்னும் தாமதமாகும். மசித்த சோறு, வடிகட்டிய சூப், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. ஏற்கெனவே போடும் மருந்துகளையும் கிளற வேண்டும்: எடை குறைக்க ஒசெம்பிக் ஊசி போடுகிறவர்களின் வயிறும் மெதுவாகத்தான் காலியாகும், ஓபியாய்டு வலி மாத்திரையும் அதே வேலையைச் செய்யும்.

இவ்வளவுக்கும் அடங்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு இரைப்பையின் வாயிற்தசையை எண்டோஸ்கோப்பி வழியாக அறுத்துத் தளர்த்தும் சிகிச்சை, சிறுகுடலுக்கு நேராக உணவு செலுத்தும் குழாய் என்று அடுத்த படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளை எட்டுவதற்குள் "மனசுதான் காரணம்" என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள், முதலில் அந்த நான்கு மணி நேரப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.