தின்ற வாயாலேயே திட்டுகிறீர்களே!

தாராவியில் ஊர் விழிக்கும் முன்னரே எங்கள் வீடுகளில் இட்லி வெந்துவிடும். அலுமினியக் குண்டானைத் தலையில் ஏற்றி, ரப்பர் ஹாரனை பாம் பாம் என்று அழுத்தியபடி மாகிம், மாதுங்கா என்று எங்கள் ஆட்கள் தெருத்தெருவாக நடப்பார்கள். அதை வாங்கித் தின்னாத தெரு உண்டா இந்தப் பம்பாயில்? சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்ட அதே வாய், தேர்தல் வந்தால் 'மதராசி' என்கிறதே!

1966-இல் சிவசேனா பிறந்தபோது அதற்குக் கிடைத்த முதல் எதிரி நாங்கள்தான். 'லுங்கி ஹடாவ், புங்கி பஜாவ்' என்று, லுங்கிக்காரனை விரட்டச் சொல்லிக் கூவினார்கள். எங்கள் பேச்சுக்கு 'யண்டுகுண்டு' என்று பெயர் வைத்தார்கள். ஆபீஸ் வேலை கிடைக்காத கோபம். கல் விழுந்ததோ உடுப்பி ஓட்டலில். கல்லாவில் இருப்பவர் கன்னடரா, துளுவரா, தமிழரா என்று எவனுக்குக் கவலை? தோசை சுட்டவன் எல்லாம் மதராசி.

ஒன்று கேட்கிறேன். ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் பக்தியாகக் கிண்டுகிறீர்களே சாபுதாணா கிச்சடி, அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது? சேலத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஐயா! அதில் மட்டும் மதராசி வாடை அடிக்கவில்லையோ? விரதம் கெடவில்லையோ?

எங்களோடு போகட்டும் என்றால் அதுவும் இல்லை. 2020-இல் பாஜக தலைவர் கைலாஷ் விஜய்வர்கியாவுக்கு, தன் வீட்டில் வேலை செய்த கூலிகள் அவலையே தின்றார்களாம், அதனால் வங்கதேசத்தவரோ என்று சந்தேகம் வந்ததாம். பேசியவர் இந்தூர்க்காரர்! காலையில் அவல் போஹா தின்னாமல் விடியாத ஊர் அது. 2022 குஜராத் தேர்தலில் வல்சாடு மேடையில் பாஜகவுக்காகப் பேசிய நடிகர் பரேஷ் ராவல், சிலிண்டர் மலிவாகக் கிடைத்து என்ன செய்யப் போகிறீர்கள், வங்காளிகளுக்கு மீன் சமைக்கவா என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். விலைவாசியைக் கேட்க வந்தவனிடம் மீனைக் காட்டி அனுப்பியாயிற்று. சாமர்த்தியம்தான்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது ஊரிலிருந்து வந்தது. அதே 2022 மே மாதம், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, இங்கே பானிபூரி விற்பது யார் என்று கேட்டார் அப்போதைய தமிழக உயர்கல்வி அமைச்சர் பொன்முடி. இந்தித் திணிப்பை எதிர்க்கட்டும், நானும் கூடவே நிற்கிறேன். பானிபூரிக்காரன் என்ன பாவம் செய்தான்? பிழைக்க வழியில்லாமல் ரயில் ஏறியவன்தானே அவனும்?

அந்த வீடியோவைச் சிரிப்புப் பொம்மைகளோடு எனக்கு அனுப்பியவன் வேறு யாருமில்லை, திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தை மகன். அடே மச்சான், உன் மாமன் இந்த ஊரில் முப்பது வருஷம் தலையில் சுமந்தது என்னடா? அந்தக் காசில்தானே உன் அம்மா கழுத்தில் நகை ஏறியது? எதைப் பார்த்துடா சிரித்தாய்?