நிலம் வேறு, மொழி வேறு

பழைய வீடுகளுக்குத் தலைவாசல் உண்டு. வழியாற் போகின்றவன் அங்கே வந்து நின்றால், வீட்டுக்காரர் முதலில் "ஆர்? எவடம்?" என்று கேட்பர். வந்தவன் சொல்லும் விடையைக் கேட்ட பின்பே மேல் வார்த்தை. அவன் வாய் திறக்குமுன் அவன் ஊரைத் தாமே தீர்மானித்து, ஊரைக் கொண்டு அவன் பேச்சையும் தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை.

இக்காலத்து இணையத்தளங்கள் பலவற்றின் முகப்பில் அந்த வழக்கமே நடக்கின்றது. நாம் ஒரு முகவரியை அறிந்தே எழுதுகின்றோம். தளம் நம்மை அங்கே விடுவதில்லை. நாம் நிற்கும் நாட்டுக்கென்று தான் வகுத்து வைத்த வேறொரு பக்கத்துக்கு, நம்மைக் கேளாமலே தள்ளிவிடுகின்றது. இது சிறு தொல்லை என்றே யானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு ஜேர்மனியில் வாழும் மகளிடம் சென்றிருந்தேன். ஒரு நாட் காலை, மகளும் மருமகனும் வேலைக்குப் போன பின், ஊரிலிருந்து என் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அம்மாவுக்குக் கடுமையாக் கிடக்கு. கெதியா வெளிக்கிட்டு வாங்கோ" என்றான். என்னை வளர்த்தவர் அக்கா. பயண நாளை முற்படுத்த எண்ணி விமான நிறுவனத்தின் தளத்தைத் திறந்தேன். ஊரில் இருந்து ஆங்கிலத்தில் வாசித்த அதே தளம் ஜேர்மன் மொழியில் விரிந்தது. ஆங்கிலப் பக்கத்தின் முகவரியை எழுத்தெழுத்தாக எழுதினேன். ஒரு கணம் தோன்றி மறைந்தது, மீண்டும் ஜேர்மன். நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அவ்வாறே. மொழியை மாற்றும் இடம் அப்பக்கத்தில் எங்கேனும் இருந்திருக்கலாம். அதனைக் காட்டும் சொல்லும் ஜேர்மன் மொழியிலேயே இருந்திருக்கும். நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிய பக்கமும் அப்படியே. மகளின் கைத்தொலைபேசி தொழிற்சாலையில் வேலை முடியும்வரை பூட்டி வைக்கப்படுவது. மாலையில் அவள் வந்து பார்த்தபோது, அன்றிரவு விமானத்தில் இடம் இல்லை. மறுநாள் புறப்பட்டேன். அக்காவின் முகத்தை உயிரோடு காணவில்லை.

அதற்கு அத்தளமே காரணம் என்று கூறேன். முதல் நாள் புறப்பட்டிருந்தாலும் காலன் காத்திருந்திருப்பான் என்பதற்கு உறுதி இல்லை. ஆயினும், எனக்குத் தெரிந்த மொழியில் எழுதப்பட்ட பக்கம் ஒன்று இருந்தும், அதை வாசிக்க விடப்படாமல் ஒரு பகல் முழுதும் இருந்த அந்நிலை என் மனத்தை விட்டு அகலவில்லை. ஊர் திரும்பிய பின்பே இதன் இயல்பை விசாரித்தறிந்தேன்.

இணையத்தில் நாம் பெறும் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. இன்ன இலக்கங்கள் இன்ன நாட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டவை என்பதற்குப் பதிவேடுகள் உள. அவற்றையும் பிற குறிப்புக்களையும் கொண்டு அட்டவணை செய்து விற்கும் நிறுவனங்களும் உள. தளம் அவ்வட்டவணையைப் பார்க்கின்றது. "இவன் ஜேர்மனியில் நிற்கின்றான்" என்று காண்கின்றது. "ஆகவே ஜேர்மன் மொழி அறிவான்" என்று முடிக்கின்றது. முதற் கூற்றுப் பெரும்பாலும் மெய். இரண்டாவது கூற்று, தருக்க நூலார் சொல்வதுபோல, வியாப்தி இல்லாத அநுமானம். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஜேர்மனியில் நிற்பவரெல்லாம் ஜேர்மன் அறிந்தவர் அல்லர்.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. நாம் பயன்படுத்தும் உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போதே, தன்னை உடையவர் விரும்பும் மொழிகளையும் வரிசைப்படுத்திச் சொல்லுகின்றது. தமிழ் முதலில், அஃது இல்லையேல் ஆங்கிலம் என நாம் அமைத்து வைத்தால் அவ்வாறே சொல்லும். இவ்வேற்பாடு நேற்று வந்ததன்று. 1997 இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 என்னும் நெறிமுறையிலேயே உள்ளது. ஆகவே, வந்தவன் தன் மொழியைச் சொல்லிவிட்டான். வீட்டுக்காரரோ அதைக் காதில் வாங்காது, அவன் காலில் ஒட்டிய மண்ணைப் பார்க்கின்றார்.

நிலத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கணகாரர் நுணுகி ஆராய்ந்தவர்கள். நிலத்தை முதற்பொருள் என்று வைத்தவர் தொல்காப்பியர். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வரின், வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது அவர் விதி. இணையத்தளத்தார் கைக்கொள்வது ஏறக்குறைய இவ்விதியே. ஆனால் அது பூவுக்கும் புள்ளுக்கும் சொன்னது. மக்கள் ஒழுக்கத்துக்கு வந்தபோது, அவரே திணை மயக்கத்துக்கு இடங்கொடுத்தார். ஒரு நிலத்துக்கென வகுத்த ஒழுக்கம் மற்றொரு நிலத்திலும் நிகழும் என்று உரைகாரர் விளக்குவர். மனிதன் தன் மொழியையும் நெஞ்சையும் சுமந்துகொண்டே நாடு கடக்கின்றான். நிலத்தைக் கண்டு அவன் உள்ளத்தைச் சொல்லிவிட முடியாது.

நாட்டுக்கு ஒரு மொழி என்ற எண்ணமும் நாட்டு நடைமுறைக்குப் பொருந்தாதது. சுவிற்சர்லாந்துக்குத் தேசிய மொழிகள் 4. பெல்ஜியத்துக்கு அரச மொழிகள் 3. சிங்கப்பூருக்குத் தமிழ் உட்பட 4. நம் நாட்டின் செய்தி வாசகர் அறிந்தது. யாழ்ப்பாணத்தில் என் வீட்டிலிருந்து வெளிநாட்டு வணிகத் தளம் ஒன்றைத் திறந்தேன். யான் கொழும்பில் இருப்பதாகக் கொண்டு, சிங்களத்தில் விரிந்தது. சிங்களத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால், 1956 இன் பின், விளங்காத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைப் பிறரிடம் கொண்டுசென்று வாசித்தறிந்த பெரியோரை யான் கண்டிருக்கின்றேன். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்நிய அட்டவணை ஒன்று அதனை அறியாது. கட்டாரில் வீட்டு வேலை செய்யும் சிங்களப் பெண்ணுக்கு அரபுப் பக்கம் விரியும்போது, அவள் படும் பாடும் இதுவே.

கூகுள் தேடற்றளமும் நெடுங்காலம் நாட்டுக்கொரு முகவரிக்கு மக்களைத் திருப்பியது. தப்ப விரும்புவோர் முகவரியின் இறுதியில் மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சேர்க்கும் புறவழி ஒன்று இருந்தது, அறிந்தவர் சிலரே. 2017 இல், முகவரி எதுவாயினும் ஆள் நிற்கும் இடத்தைக் கொண்டே விடை தருவது என மாற்றினர். 2025 இல் நாட்டு முகவரிகளையெல்லாம் ஒரே முகவரிக்குத் திருப்பப்போவதாக அறிவித்தனர். வாசல் ஒன்றாகின்றது. இடத்தைப் பார்த்து விடை சொல்லும் முறை மாறவில்லை.

சட்டத்தால் ஆகாதோ எனின், ஓரளவு ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/302 என்னும் ஒழுங்குவிதி 2018 டிசம்பர் 3 ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோரின் வெளிப்படையான சம்மதம் இன்றி, அவர் வாழும் இடம் முதலியன கருதி அவரை வேறொரு பக்கத்துக்குத் திருப்பலாகாது. அவர் முதலில் நாடிய பக்கம் எளிதில் எட்டும்படி இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல விதி. ஆனால் போக்குவரத்துச் சேவைகள் அதற்குப் புறம்பு. யான் பட்ட இடர் அந்த வேலிக்கு வெளியே நிற்கின்றது.

விலை, வரி, பொருள் அனுப்பும் இடம், நாட்டுச் சட்டம் என்பவை நாட்டைப் பொறுத்தவை; அவற்றுக்கு இடம் பார்த்தல் வேண்டும். தன் நாட்டு மொழியன்றி வேறறியாத ஒருவனுக்கு, அம்மொழிப் பக்கம் தானே வருவது உதவியும் ஆகும். ஆகவே ஊகிக்க வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. ஊகித்ததைச் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். உலாவி சொல்லும் மொழியை முதலில் மதிக்க வேண்டும். மொழிகளின் பெயர்களை அவ்வம் மொழியின் எழுத்திலேயே, பக்கத்தின் தலையிலேயே வைக்க வேண்டும். சில தளங்கள் கொடிகளை வைக்கின்றன. தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பார்கள்? ஒருமுறை ஒருவர் ஒரு மொழியைத் தெரிந்தாராயின், அடுத்த நாட்டுக்குப் போனதும் அதை மறந்துவிடலாகாது.

எம் கல்லூரியில் இலக்கணம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று இணையத்தளங்களை அமைக்கும் தொழிலில் இருக்கின்றார்கள். விடுமுறையில் வந்து காணும்போது, "ஐயா, நீங்கள் படிப்பித்த திணையும் துறையும் அங்கே உதவாது" என்று சிரிப்பார்கள். இனி வரும்போது அவர்களுக்குத் திணை மயக்கத்தை மறுபடியும் படிப்பிக்க எண்ணியிருக்கின்றேன். அவர்கள் கட்டும் வீடுகளிலேனும், வாசலில் வந்து நிற்பவனிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.