இத்தாலிக்கு அனுப்புகிறவர்கள் மொழிக்காக அனுப்புங்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கும் வாய்ப்பு இப்போது வர ஆரம்பித்திருக்கிறது. தோல் தொழில்நுட்பமோ காலணி வடிவமைப்போ படிக்கிற பிள்ளை என்றால் முதலில் அடிபடும் பெயர் இத்தாலி. என் பழைய மாணவர்கள் சிலர் (இப்போது அவர்களே தாய் தகப்பன்கள்) யோசனை கேட்கிறார்கள். "அனுப்பலாமா சார்? நாலஞ்சு மாசத்துல அப்படி என்னத்தக் கத்துக்கிட்டு வந்துடப் போகுது?" தனித்தனியாகச் சொன்னதைப் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

அனுப்புங்கள். ஆனால் மொழிக்காக அனுப்புங்கள். "பாடம் எல்லாம் இங்கிலீஷ்லதான், இத்தாலியன் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டு போய், நாலைந்து தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரு வீடு பிடித்து, ரசம் வைத்துச் சாப்பிட்டு, பைசா கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதென்றால், அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவையுங்கள். வட்டியாவது வரும்.

முப்பத்து மூன்று வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் இத்தாலியனுக்குப் பரிந்து பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். காரணம் இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இத்தாலி ஒன்றும் தூரத்து நாடு இல்லை. நம் முன்னோர் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலைக் கப்பலேற்றியவர்கள். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் முழுப்பதத் தோல், அப்பர், முழு ஷூ என்று நம் ஊர் மாறியது. அன்றிலிருந்து நம் டேனரிகளில் இத்தாலி மெஷின் ஓடுகிறது. நம் சரக்கு இத்தாலிக்குப் போகிறது. மிலானில் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு நம் ஊர் முதலாளிகள் போய் வருகிறார்கள். இத்தனை பழக்கம் இருந்தும் அந்த மொழி தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். வாங்க வந்தவர் சாம்பிள் தோலைத் தடவிப் பார்க்கிறார், மடித்துப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் இத்தாலியனில் இரண்டு வார்த்தை சொல்கிறார். நம் ஆள் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருக்கிறார். விலை அந்த இரண்டு வார்த்தையில்தான் இருக்கிறது. பிறகு இங்கிலீஷில் அவர் நம்மிடம் சொல்வது மரியாதைக்காகச் சொல்வது.

மொழி கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். சமீபத்தில் ஓர் இத்தாலிய இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன் (ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை). பார்க்கப் பார்க்க ஆச்சரியம். பேசுகிறேன் என்பதற்கு பார்லோ, பேசுகிறாய் என்பதற்கு பார்லி, பேசுகிறான் அல்லது பேசுகிறாள் என்பதற்கு பார்லா. வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று உங்களைப் படுத்தி எடுத்தேனே, அதேதான். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவனுக்கு இது புதுசு. நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

அடுத்தது ஒற்று. எடு வேறு, எட்டு வேறு. அவர்களுக்கும் அப்படியே. நோன்னோ என்றால் தாத்தா, நோனோ என்றால் ஒன்பதாவது. பென்னா என்றால் எழுதுகிற பேனா. நம் பேனாவை அப்படியே "பேனா" என்று நீட்டிச் சொன்னால் அங்கே துன்பம் என்று பொருள்! (என்னிடம் இம்போசிஷன் எழுதியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.) வெள்ளைக்காரப் பிள்ளைகள் இந்த இரட்டிப்பில்தான் தடுமாறும். நம் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள்.

மரியாதையும் உண்டு. பெரியவர்களுக்கு லேய், நெருங்கியவர்களுக்குத் தூ. "தூ" என்பது தமிழ்க் காதில் வேறு மாதிரி விழும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் உருது பேசும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீ என்பது தூதானே? ஆம்பூர்ப் பிள்ளை வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று மூன்று மொழியில் வளர்கிறது. ஆந்திர எல்லைப் பக்கம் சொந்தம் இருந்தால் தெலுங்கும் சேர்த்தி. காதால் கேட்டே மொழி பிடிக்கிற பழக்கம் நம் மண்ணில் இருக்கிறது. இதைச் சொத்து என்று நாம் நினைப்பதே இல்லை.

எதிர்த் திசையில் ஒருவர் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். தமிழ்நாட்டுக்கு வந்தபோது வயது முப்பது. அதன் பிறகு கற்ற தமிழில்தான் 3615 பாடல் கொண்ட தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை எல்லாம். பரீட்சைக்காக இவ்வளவையும் எழுத வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது வேறு. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதோடு நில்லாமல், மக்கள் பேசுகிற கொடுந்தமிழுக்கும் 1728இல் லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். சந்தையில் பேசுகிற தமிழ் புரியாமல் ஊர் புரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வந்தது ஒரு செமஸ்டருக்கு இல்லை, திரும்பிப் போகவே இல்லை. அந்த அளவு நம் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. நாலைந்து மாதம் காதைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அப்படித் திறந்து வைத்தால் என்ன கேட்கும்? ஃபுளோரன்ஸுக்கும் பைசாவுக்கும் நடுவில், ஆர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே என்று ஒரு தோல் ஊர் இருக்கிறது. நமக்குப் பாலாறு, அவர்களுக்கு ஆர்னோ. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அங்கேயும் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்களுக்கெல்லாம் பாடம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் பாலாற்றுக் கரையில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க யோசிக்கிறோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போகிற பிள்ளை அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவர வேண்டாமா? இங்கிலீஷில் கிடைக்கும் வழவழ காகிதத்தில் எல்லாம் பசுமை, எல்லாம் சுத்தம் என்றுதான் இருக்கும். அங்கே தோல் கழிவிலிருந்து வந்த சாம்பல் சாலை போடும் மண்ணில் கலந்துபோனதாக 2021இல் பெரிய விசாரணையே வெடித்தது. அதை அந்த ஊர்ப் பத்திரிகைகள் இத்தாலியனில் பக்கம் பக்கமாக எழுதின. நம் பிள்ளை படித்துவர வேண்டியது அதை. வழிகாட்டிக் காகிதத்தை இங்கே உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம்.

சரி, நாலைந்து மாதத்தில் மொழி வந்துவிடுமா? முழுதாக வராது. வரும் என்று சொல்கிறவர் கோச்சிங் சென்டர் நடத்துகிறார் என்று அர்த்தம். ஆனால் இங்கேயே மூன்று மாதம் அடிப்படை படித்துவிட்டுப் போனால், அங்கே கடையில், பஸ்ஸில், பட்டறையில் பேசிப் பழக முடியும். திரும்பி வரும்போது எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதி பிடிபடும். மீதிப் பாதி அடுத்தடுத்த வருடங்களில் தானாக வரும்.

பொண்ணைத் தனியாக அனுப்புவதா என்று தாத்தா பாட்டிகள் தடை சொல்வது தெரியும். அந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் ஊர் ஷூ கம்பெனிகளில் தைக்கிற கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் அவர்கள். அவர்கள் தைத்த ஷூ தனியாக இத்தாலிக்குப் போகிறது. அவர்கள் வீட்டில் படித்த பிள்ளைக்கு மட்டும் ஏன் வழி அடைபட வேண்டும்? பத்திரமாக இருக்கவும் மொழிதான் உதவும். வீட்டுக்காரம்மாவிடம், பக்கத்துக் கடைக்காரரிடம், போலீஸ்காரரிடம் பேசத் தெரிந்த பிள்ளை எங்கும் பிழைத்துக்கொள்ளும்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதென்றால், போய் இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அங்கே மதிப்பெண் முப்பதுக்கு, 18 எடுத்தால் பாஸ். பல பாடங்களுக்குப் பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். நோட்ஸை உருப்போட்டு எழுதிப் பழகியவர்கள் இங்கேயே வாய்விட்டுப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள். பன்றிக்கறிக்கு மயாலே, பொதுவாக இறைச்சிக்கு கார்னே. சாப்பிடாதவர்கள் இந்த இரண்டு சொல்லையும் விமானம் ஏறுமுன்பே மனப்பாடம் செய்யுங்கள். வீடு பார்க்கும்போது இத்தாலிப் பிள்ளைகள் இருக்கிற வீடாகப் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் சரி. அந்தக் கூடுதல் வாடகையைத்தான் நான் மொழிக்கான ஃபீஸ் என்று பெற்றோரிடம் சொல்லிவருகிறேன்.